சோடாக்காரம்மாவின் புட்போல் டீம்

போன மாதம் தலவாக்கலையில் அம்மாக்கண்ணுவுக்கு இரங்கல் கூட்டம் வைத்தார்கள். மாலை போட்ட படம், ஊதுபத்தி, நாலு பேச்சாளர்கள். முதலில் பேசியவர், கருணையின் வடிவம் என்றார். செத்தவர்களைப் பற்றி அப்படித்தான் சொல்வார்கள் என்று பொறுத்துக்கொண்டேன். இரண்டாவது ஆள் எழுந்து, "அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாத அம்மா" என்றார். அதிர்ந்து பேசாதவராம்! ஆறு வருடம் அந்த மனுஷியிடம் மைதானத்தில் ஏச்சு வாங்கியவன் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்கிறார். அதற்கு மேலும் இருந்தால் வாயில் ஏதாவது வந்துவிடும் என்று எழுந்து வந்துவிட்டேன். அவர்கள் பேசியது வேறு யாரைப் பற்றியோ. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் சண்முகராஜா. செம்பாறைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். ஞாயிற்றுக்கிழமைகளில் புட்போல் ரெபரி. வாத்தியார் வேலை சோற்றுக்கு. விசில் ஊதுவது எதற்கு என்று என் மனைவி பரிமளம் இன்றைக்கும் கேட்கிறாள். எனக்கும் கோபம் கொஞ்சம் கூடுதல் என்று ஊரில் சொல்வார்கள். இருக்கட்டும். அம்மாக்கண்ணுவுக்கு முன்னால் நான் பசு.

அவர் லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக் கூலி லயத்தில் பிறந்தவர். பன்னிரண்டு வயதில் கூடை கட்டிக்கொண்டு கொழுந்து பறிக்கப் போனார். கல்யாணமும் அங்கேயேதான். ஒரு நாள் மழையில் நனைந்த கொழுந்தைத் தராசில் போட்டபோது கணக்கப்பிள்ளை தண்ணீருக்கென்று நாலு றாத்தலைக் கழித்தார். எல்லாருக்கும் இரண்டு, இவருக்கு நாலு. காரணம், அதற்கு முந்தின வாரம் ஏதோ எதிர்த்துப் பேசியிருக்கிறார். அம்மாக்கண்ணு கூடையைத் தூக்கி அவர் முன்னால் வைத்து, "நாலு றாத்தல் தண்ணி இதுல இருக்குன்னா பிழிஞ்சு ஒங்க தலையில ஊத்துங்க. குளிச்சு எந்திரிச்சீங்கன்னா நான் ஒத்துக்கிறேன்" என்றார். வரிசையில் நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புக்குத்தான் மறுநாள் பத்துச்சீட்டு வந்தது. வேலையும் போய், குடியிருந்த லயத்துக் காம்பிராவும் போய், புருஷன் செல்லசாமியோடு தலவாக்கலை பஜாருக்கு இறங்கினார்.

செல்லசாமிக்கு ஒரு சோடாக் கடையில் போத்தல் கழுவுகிற வேலை கிடைத்தது. மலையகத் தமிழர் நமக்கு ஓட்டுரிமை பறிபோன வருடம், இனி இந்த நாடு சரிவராது என்று அந்தக் கடை முதலாளி எல்லாவற்றையும் விற்றுவிட்டு இந்தியாவுக்குக் கப்பலேறினார். பழைய சோடா மெஷினை யாரும் வாங்கவில்லை. அம்மாக்கண்ணு தன் தோட்டைக் கழற்றிக் கொடுத்து அதை வாங்கினார். பஜாரே சிரித்தது. தலவாக்கலைக் குளிரில் எவன் சோடா குடிப்பான்? அடுத்த வருடமே செல்லசாமி நெஞ்சுச் சளியில் போய்விட்டார். ஒற்றை ஆளாக நின்று அந்த மெஷினைச் சுற்றினார் அம்மாக்கண்ணு. இஞ்சியை நசுக்கிப் போட்டு இஞ்சிச் சோடா செய்தார். சிவனொளிபாத மலைக்குப் போகிற சனம் நல்லதண்ணியில் இறங்கும் இடத்தில் தள்ளுவண்டி போட்டார். விடியக்காலைக் குளிரில் மலையேறி இறங்கியவர்களுக்கு அந்த இஞ்சிக் காரம் தேவையாக இருந்தது. சிரித்தவர்கள் பிறகு வாயை மூடிக்கொண்டார்கள்.

வியாபாரத்தைப் பற்றி அவரிடம் யாரும் யோசனை கேட்க மாட்டார்கள். கேட்காமலே சொல்வார். "சோடாவுல என்னங்க இருக்கு? பாதி தண்ணி, பாதி சத்தம். குண்ட அமுக்குனா டப்புனு வெடிக்கணும். அந்தச் சத்தம் வரலன்னா காசு வாங்காதன்னு எங்க ஆளுங்ககிட்ட சொல்லியிருக்கேன்." பஜாரில் ஒரு கடைக்காரர் பட்டாணியில் கல் கலக்கிறார் என்று தெரிந்தால் நடுரோட்டில் நின்று சொல்வார். தன் சோடா ஒருநாள் சரியாக இல்லாவிட்டால் அதையும் நடுரோட்டில் நின்று சொல்வார். "இன்னைக்கு வாங்காதீங்க, காஸ் சரியில்ல, பல்லு விளக்கத்தான் ஆகும்!" அந்தக் குரல் ரயில் நிலையம் வரைக்கும் கேட்கும். இதைத்தான் அதிர்ந்து பேசாதவர் என்றார்கள்!

டீம் வந்த கதையைச் சொல்கிறேன். ஐம்பத்தொன்றில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் ஊர் ஆட்களுக்கும் ஹட்டன் ஆட்களுக்கும் ஆட்டம். அம்மாக்கண்ணு வண்டி நிறையப் போத்தல் கொண்டுவந்திருந்தார். இடைவேளைக்குள் ஹட்டன்காரர்கள் ஏழு கோல் போட்டுவிட்டார்கள். சனம் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து போய்விட்டது. வண்டியில் முக்கால்வாசிப் போத்தல் அப்படியே இருந்தது. ஆட்டம் முடிந்து விசிலைச் சட்டைப்பையில் போடுகிறேன், இவர் எதிரில் வந்து நிற்கிறார்.

"ஏங்க மாஸ்டர், ஆட்டம் கடைசி வரைக்கும் சமமா போகணும்னா என்னங்க செய்யணும்?"

"நம்ம ஊருக்கு நல்ல டீம் ஒண்ணு வேணும்" என்றேன்.

"எத்தன ஆளு?"

"பதினொண்ணு."

"அவ்வளவுதானா?" என்றார். நான் வேடிக்கை என்று நினைத்தேன். மூன்று மாதத்தில் டீம் வந்து நின்றது. ரயில்வே போர்ட்டர் ஒருவர், சலூன்காரர் ஒருவர், பேக்கரியில் பாண் போடுகிறவர் ஒருவர், மற்றவர்கள் சுற்றுவட்டாரத் தோட்டத்து ஆட்கள். எல்லாரும் வெறுங்கால். மாவுச் சாக்கைப் பிரித்து, சிவப்புச் சாயம் தோய்த்துச் சட்டை தைத்திருந்தார். முதல் ஆட்டத்திலேயே சாயம் வேர்வையில் கரைந்து பதினொரு பேரும் ரத்தம் வழிய நிற்பதுபோல் இருந்தது. பார்த்த பெண்கள் ஐயோ ஐயோ என்று ஓடி வந்தார்கள்.

டீம் எதற்கு என்று யார் கேட்டாலும் ஒரே பதில்தான். "புண்ணியத்துக்கா வச்சிருக்கேன்? யாவாரங்க. எப்பவும் தோக்கிற டீமுக்கு எவனும் வரமாட்டான். எப்பவும் ஜெயிக்கிற டீமுக்கும் வரமாட்டான். ஜெயிக்குமா தோக்குமான்னு வயித்தக் கலக்கணும். அப்பத்தான் தொண்ட காயும், சோடா ஓடும்." பிள்ளை இல்லாத மனுஷி, இவர்களைத்தான் பிள்ளைகளாக நினைக்கிறார் போல என்று பரிமளம் ஒருமுறை அவரிடமே சொல்லிவிட்டாள். "பிள்ளையும் இல்ல குட்டியும் இல்ல. வேலையாளுங்க" என்று வெடுக்கென்று பதில் வந்தது. ஆனால் டீம் சட்டைகளை வேறு யாரையும் துவைக்க விடமாட்டார். சனிக்கிழமை தோறும் பதினொன்றையும் அவரே துவைத்து, சோடா மெஷின் பக்கத்தில் கொடி கட்டிக் காயப்போடுவார்.

ஆட்டக்காரன் எவனாவது என்னைப் பார்த்து ஒரு வார்த்தை தவறாகச் சொன்னால் அந்த வாரம் அவனை வெளியே உட்கார வைப்பார். "ரெபரிய ஏசுறது மொதலாளி வேல. ஒன் வேல ஓடுறது" என்பார். அந்த முதலாளி வேலையை அவர் ஒரு நாளும் குறைவாகச் செய்ததில்லை. "மாஸ்டர், கண்ண பள்ளிக்கூடத்துலயே வச்சிட்டு வந்துட்டீங்களா? போய் எடுத்துக்கிட்டு வாங்க, நாங்க காத்திருக்கோம்!" மைதானமே சிரிக்கும். என் மாணவர்களும் சிரிப்பார்கள். வீட்டுக்கு வந்தும் எனக்கு ஆறாது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ராமநாதன் முதலாளி என்று ஒருவர் தலவாக்கலையில் பஸ் விட்டுக்கொண்டிருந்தார். நுவரெலியாவுக்கும் ஹட்டனுக்குமாக நாலு பஸ். அவருக்கும் ஒரு டீம். கண்டக்டர்களும் கிளீனர்களும் ஆடுவார்கள். கோல் கீப்பர் குணபால என்று ஒரு சிங்களக் கண்டக்டர், நல்ல கைகாரர். எங்கள் பக்கத்து டீம்களுக்குள் வருடா வருடம் நடக்கும் போட்டியில் ஐம்பத்தாறில் கப் அவர்களுக்குத்தான். ஐம்பத்தேழு தை மாதம், அம்மாக்கண்ணு டீமும் அவர் டீமும் கடைசி ஆட்டத்துக்கு வந்துவிட்டன. அன்று பஸ் ஆபீஸில் நானும் இருந்தேன். ஹட்டன் மைதானத்தில் நடக்க இருந்த ஆட்டத்துக்குத் தேதி குறிக்க வேண்டும்.

ராமநாதனுக்கு ரொம்ப நாளாக அம்மாக்கண்ணு டீமில் ஆடும் மாயாண்டி மேல் கண். மாயாண்டி செம்பாறைத் தோட்டத்துக் கவ்வாத்துக்காரன். நாள் முழுக்கச் சரிவில் நின்று தேயிலைச் செடி வெட்டிய கால். அவன் பந்தோடு ஓடினால் பிடிக்க ஆள் கிடையாது.

"அம்மாக்கண்ணு, ஒனக்கு எதுக்கு இந்தத் தலவலி? சோடாவ ஊத்திக்கிட்டு நிம்மதியா இரு. டீம எனக்குக் குடுத்துரு. என்ன வேணும்னு சொல்லு" என்றார் ராமநாதன்.

"ஒங்க பஸ்ஸ எனக்குக் குடுத்துருங்க மொதலாளி. என்ன வேணும்னு நீங்க சொல்லுங்க."

கண்டக்டர்களே சிரித்துவிட்டார்கள். ராமநாதன் முகம் சிவந்துவிட்டது. "பொம்பள வச்சிருக்கிற டீமு கப் தூக்குனதா எங்கயாச்சும் இருக்கா?"

"இந்த வருசம் இருக்கும்."

"இல்லன்னா?"

அந்த இடத்தில் அவர் வாயை மூடியிருக்கலாம். மூடினால் அது அம்மாக்கண்ணு இல்லையே. "இல்லன்னா டீம எடுத்துக்குங்க. ஆளோட, சட்டையோட, பந்தோட! கப் எனக்கு வந்தா ஒங்க டீமு எனக்கு. சரியா?"

"சரி. தேதிய நீயே வை" என்றார் ராமநாதன், பெரிய மனது பண்ணிக்கொண்டு.

சுவரில் காலண்டர் தொங்கியது. அம்மாக்கண்ணு பௌர்ணமியை மட்டும் விரலால் தேடினார். பௌர்ணமிக்கு நல்லதண்ணியில் கூட்டம் குவியும், வண்டிகள் எல்லாம் அங்கே நிற்க வேண்டும். அதற்கு ஆறு நாள் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மார்ச் பத்தாம் தேதி, அன்று வண்டிகள் சும்மா இருக்கும். "இந்த ஞாயிறு" என்றார். எல்லாரும் தலையாட்டினோம். மாசி அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் நடுவில் என்ன நடக்கும் என்று தோட்டத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். லயத்தில் பிறந்த அவருக்கு அது நினைவில் வரவில்லை. தோட்டத்து வாத்தியார் நான், எனக்காவது உறைத்ததா? அதுவும் இல்லை.

மாயாண்டிதான் வந்து சொன்னான். சோடா மெஷினுக்குப் பக்கத்தில் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"அக்கா, அன்னைக்கு நான் வர ஏலாதுக்கா. காமன் கூத்துக்குக் கம்பம் ஊனிருவாங்க. நான் மன்மதன் வேசம். காப்புக் கட்டுனா தோட்டத்து எல்லையத் தாண்டக்கூடாது."

கம்பம் ஊன்றிய நாள் முதல் பௌர்ணமி வரை ஆடி, அன்று சிவன் மன்மதனை எரிக்க, மூன்றாம் நாள் எழுப்புவதுதான் காமன் கூத்து. அவன் மனைவி மீனம்மாவுக்கு முதல் இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. மூன்றாவது பிழைத்தால் மூன்று வருடம் காமன் கூத்தில் வேஷம் கட்டுகிறேன் என்று மாயாண்டி வேண்டிக்கொண்டான். பிள்ளை பிழைத்தது. இரண்டு வருடம் கட்டிவிட்டான். இது மூன்றாவது.

அம்மாக்கண்ணு கத்திய கத்தில் தெருவில் போனவர்கள் நின்றுவிட்டார்கள். "பிள்ள ஒனக்குப் பொறந்துச்சா, காமனுக்குப் பொறந்துச்சா? ஒரு சாயங்காலம் ஹட்டனுக்கு வந்து ஆடிட்டுப் போனா சாமி கோவிச்சுக்குமா? அதுக்கு வேற வேல இல்லியா?" அவருக்குச் சாமி நம்பிக்கை செல்லசாமியோடு போய்விட்டது. மாயாண்டி அழுதுகொண்டு நின்றான். முப்பது வயது ஆம்பிளை. அவர் கத்தலை நிறுத்திவிட்டு அவனுக்கு ஒரு சோடா உடைத்துக் கொடுத்தார்.

ராமநாதனிடம் போனார். "தேதிய மாத்தணும் மொதலாளி."

"தேதிய வச்சது யாரு? நீதானே? எடத்த வேணும்னா மாத்திக்க. சந்திரமண்டலத்துல வச்சாலும் ஏ ஆளுங்க வருவாங்க."

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். நேரே செம்பாறைத் தோட்டத்து ஆபீஸ் வாசலில் போய் நின்றார். பத்துச்சீட்டு வாங்கிய பெண் துரையைப் பார்க்க வந்து நிற்கிறாள் என்று கிளாக்கர்மார் எட்டிப் பார்த்தார்கள். துரை புட்போல் பைத்தியம். "ஆட்டம் வச்சுக்கோ. ஆனா திங்கக்கெழமை காலைப் பெரட்டுல வேலைக்கு ஒரு ஆள் கொறஞ்சா நான் சும்மா விடாது" என்றார். "ஒரு ஆளு கொறைஞ்சா நான் வந்து கூடை கட்டுறேன் தொர" என்று சொல்லிவிட்டு வந்தார்.

அடுத்தது காமன் பொட்டல். கம்பம் ஊன்றியாகிவிட்டது. கூத்து மாஸ்டர் அழகன், மாயாண்டியின் தாய் காளியாயி, லயத்துச் சனம் எல்லாம் இருந்தது. அழகனுக்கு மனம் வரவில்லை. "எல்லைக்குள்ளதான், சரி. ஆனா காப்புக் கட்டுன காலு தோல் பந்த ஒதைக்கலாமா?"

"நீங்க அடிக்கிற தப்பு மேளம் வாழ மட்டையிலயா செஞ்சிருக்கு?" என்றார் அம்மாக்கண்ணு. மேளக்காரர்கள் சிரித்ததில் அழகனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

காளியாயி சிரிக்கவில்லை. "தங்கச்சி, ஏ மகன எல்லையத் தாண்ட விடமாட்டேன்னு சூடம் கொளுத்திச் சொல்லு. ஒத்தப் பேரப்பிள்ள எனக்கு."

"சூடமெல்லாம் வேணாம்க்கா. நான் சொன்னா சொன்னதுதான். ஒங்க மகன் தாண்டமாட்டான்."

காளியாயி சரி என்றார்.

மார்ச் பத்தாம் தேதி மூன்று மணி. செம்பாறை மைதானத்தில் இவ்வளவு சனத்தை நான் பார்த்ததில்லை. ராமநாதன் நாலு பஸ்ஸிலும் ஆள் ஏற்றி வந்திருந்தார். மாயாண்டி மஞ்சள் காப்போடு நின்றான். ஒரு வாரம் ஒருபொழுதுச் சாப்பாடு, தினமும் கூத்து, கண் உள்ளே போயிருந்தது. நான் டாஸ் போட ரெபரி சட்டையோடு நடுவில் நிற்கிறேன், கிழக்குக் கோல் பக்கம் அழகன் மஞ்சள் துணி கட்டிய இரண்டு குச்சிகளை மைதானத்தின் இரு ஓரமும் நட்டுக்கொண்டிருக்கிறார். எனக்கு வந்ததே கோபம்! "யாரைக் கேட்டு என் மைதானத்துல குச்சி நடுறீங்க?" என்று ஓடினேன்.

"இதுதாங்க தோட்டத்து எல்ல. எல்லை ஓடை இதுக்கு அடியிலதான் ஓடுது. மைதானம் பத்தலன்னு ரெண்டு தோட்டத்துத் தொரமாரும் பேசி, ஓடைக்குக் குழா போட்டு மண்ண நெரப்புனாங்க. அந்த வேலையில நானும் மண்ணு சொமந்தேன். அங்கிட்டு அடுத்த தோட்டம்."

நான் குச்சிகளுக்கு நடுவே மனதுக்குள் ஒரு கோடு போட்டுப் பார்த்தேன். கிழக்குக் கோலும் அதற்கு முன்னால் பதினைந்து கெஜமும் அந்தப் பக்கம். பத்து வருடமாக அந்த மைதானத்தில் விசில் ஊதுகிறேன், எனக்குத் தெரியாது. அம்மாக்கண்ணுவிடம் சொன்னேன். அவர் முகம் வெளுத்ததை முதல் தடவையாகப் பார்த்தேன்.

"பக்கம் மாத்தாம ஆட சட்டத்துல எடமிருக்குங்களா மாஸ்டர்?"

"இல்ல."

"அப்ப மொதப் பாதியிலேயே போட்டுரணும்" என்றார். பிறகு மாயாண்டியைக் கூப்பிட்டு இரண்டு குச்சியையும் காட்டினார். அவன் தலையாட்டினான்.

முதல் பாதியில் அம்மாக்கண்ணுவின் டீம் மேற்குக் கோல் பக்கம் ஆடியது. சும்மா சொல்லக் கூடாது, மாயாண்டி பேயாக ஆடினான். இருபதாவது நிமிடத்தில் கோல். குணபால பாய்ந்தும் எட்டவில்லை. இன்னும் இரண்டு விழுந்திருக்க வேண்டும், ஒன்று கம்பத்தில் பட்டது, ஒன்றைக் குணபால எப்படிப் பிடித்தார் என்று அவருக்கே தெரியாது. இடைவேளைக்கு ஒன்று பூஜ்யம்.

பக்கம் மாற்றினார்கள். இப்போது கோல் போட வேண்டியது கிழக்கில். மாயாண்டி பந்தைக் குச்சி வரைக்கும் கொண்டு போவான், அங்கே நின்று அடுத்தவனுக்குத் தள்ளுவான். ராமநாதன் ஆட்களுக்கு இரண்டு நிமிடத்தில் விஷயம் புரிந்துவிட்டது. கோட்டுக்கு அந்தப் பக்கம் அவனுக்குக் காவல் தேவையில்லை. அவனைக் காவல் காத்த ஆளையும் கோல் போட முன்னால் அனுப்பினார்கள். முக்கால் மணி ஆட்டத்தில் பாதி போனதும் ஒரு கிளீனர் கோல் போட்டுச் சமனாக்கினான். சமனென்றால் கப் போன வருடம் ஜெயித்தவருக்கே. அது அம்மாக்கண்ணுவுக்கும் தெரியும், ராமநாதனுக்கும் தெரியும். பஸ்காரர்கள் கூட்டமாகத் தங்கள் கோலுக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்கள்.

என் கடிகாரத்தில் இரண்டு நிமிடம் பாக்கி. போர்ட்டர் நல்லமுத்து ஓரத்திலிருந்து ஓங்கி அடித்தான். குணபால பாய்ந்து கையால் தட்டினார், பந்து கம்பத்தில் மோதித் திரும்பியது. குணபாலவும் காவலுக்கு நின்ற இரண்டு பெக்குகளும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கிடந்தார்கள். பந்து உருண்டு வந்து கோட்டுக்கு அந்தப் பக்கம் நாலு எட்டில் நின்றது. கோல் திறந்து கிடந்தது. இந்தப் பக்கம் மாயாண்டி ஓடி வந்துகொண்டிருந்தான். பக்கத்தில் வேறு யாரும் இல்லை, மற்ற பஸ்காரர்கள் நல்லமுத்துவை மறிக்க ஓரத்துக்கு ஓடியிருந்தார்கள்.

சனம் முழுக்க எழுந்து, "அடிடா! அடிடா!" என்று கத்தியது. அதில் லயத்துச் சனமும் சேர்த்தி. கூத்து மாஸ்டர் அழகனே கையைத் தூக்கிக் கத்தினார். அந்த இரைச்சலுக்கு மேலே ஒரு குரல் வந்தது.

"நில்லுடா மாயாண்டி!"

அவன் நின்றான். குச்சிக்கு நேராக, கால் விரலால் மண்ணைக் கிழித்துக்கொண்டு நின்றான். குணபால எழுந்து, நடந்து வந்து பந்தை எடுத்தார். எடுத்தவர் அவனையே பார்த்தார். ஏன் அடிக்கவில்லை என்று என்னிடம் சிங்களத்தில் கேட்டார். நேர்த்திக்கடன் என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் பந்தை உதைத்தார். கொஞ்ச நேரத்தில் நான் விசில் ஊதினேன். என் வாழ்க்கையில் ஊதப் பிடிக்காமல் ஊதிய விசில் அது ஒன்றுதான்.

மறுநாள் வேலை விட்ட பிறகு பஸ் ஆபீஸ் வாசலில் அம்மாக்கண்ணு பத்து ஆட்களோடு வந்து நின்றார். பத்துச் சட்டையும் துவைத்து மடித்திருந்தது. நாங்கள் என்ன மாடா, ஓட்டிக்கொண்டு வந்து கட்ட, என்று நல்லமுத்து சண்டைக்கு வந்தான். "வாயப் பொத்து. வார்த்த குடுத்தது நான்" என்றார். ராமநாதன் சட்டைகளை வாங்கிக்கொண்டார். அவர் முகத்திலும் பெரிய சந்தோஷம் இருந்ததாகத் தெரியவில்லை. டீம் அவரிடம் ஒரு வருடம்கூட இருக்கவில்லை. ஐம்பத்தெட்டு ஜனவரியில் அரசாங்கம் பஸ்களை எடுத்துக்கொண்டது, ஆட்கள் நாலா பக்கமும் போனார்கள். நீங்கள் திரும்ப ஒரு டீம் சேர்க்கலாமே என்று நான் கேட்டேன். "ஒரு தடவ செஞ்சாச்சு" என்றார், அவ்வளவுதான். சாகும்வரை சோடா விற்றார். மைதானத்துக்கு வண்டி வரும், அவர் வரமாட்டார்.

பதினோராவது சட்டையைச் சொல்ல வேண்டும். காமன் எரிந்து, மூன்றாம் நாள் எழுப்பி, மாயாண்டியின் காப்பை அவிழ்த்த அன்று அம்மாக்கண்ணு தோட்டத்துக்கு வந்தார். பள்ளிக்கூடம் விட்டு நான் வந்துகொண்டிருந்தேன், என்னையும் கூட வரச் சொன்னார். லயத்து வாசலில் மாயாண்டி உட்கார்ந்திருந்தான். மீனம்மா உள்ளே பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு வேல முடிஞ்சு பஸ் ஆபீசுல போய் நில்லு. இனிமே நீ ராமநாதன் மொதலாளி ஆளு" என்று சட்டையை நீட்டினார்.

அவன் வாங்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே, "அக்கா, நீங்க அன்னைக்குக் கத்தாம இருந்திருந்தா நான் அடிச்சிருப்பேன்" என்றான்.

"தெரியும்டா. அதுக்குத்தான் கத்துனேன்."

"டீமு போச்சேக்கா."

"போச்சு. நீ அத அடிச்சிட்டு வந்து, நாளைக்கே அந்தப் பிள்ளைக்கு ஒரு காய்ச்ச வந்தா என்னடா செய்வ? எனக்கு நம்பிக்க இல்ல. ஒனக்கு இருக்கே. ஆயுசுக்கும் யாரு மூஞ்சில முழிப்ப? ஏ மூஞ்சிலயா?"

மாயாண்டி சட்டையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். நாங்கள் இறங்கி நடந்தோம். ஆபீஸ் வளைவு வந்ததும் அவர் நின்றார். அங்கே மதகுக் கட்டையில் உட்கார்ந்து, "ஏ டீமு, ஏ டீமு" என்று சொல்லிச் சொல்லி அழுதார். நான் பக்கத்தில் நின்றேன்.